ஏரிக்கரையில் நாட்டுச் செடி நடுவது எப்படி: அனுமதிக் காகிதம் முதல் மூன்றாம் ஆண்டுக் களையெடுப்பு வரை

கரை அரிக்கிறது, செடி நட்டால் நிற்கும் என்று யாரோ சொல்கிறார்கள். நீங்களும் நாற்றுப்பண்ணைக்குப் போய்க் கண்ணுக்குப் பிடித்ததை வாங்கிவந்து நீரோரமாக நட்டுவிடுகிறீர்கள். ஆறு மாதத்தில் பாதி மிதந்து போயிருக்கும், மீதி காய்ந்திருக்கும். பெரும்பாலும் செடியில் குற்றம் இருக்காது. நீர்மட்டம் தெரியாமல் நட்டதுதான் காரணம். இந்த வேலையில் செடி வாங்குவது ஏறக்குறைய கடைசியில் வருவது. அதற்கு முன் செய்யவேண்டியவை ஏராளம். அவற்றை வரிசையாகச் சொல்கிறோம்.

1. இயற்கைக் கரையா, மண் அணையா என்று முதலில் பாருங்கள்

இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண், ஆபத்தும்கூட. ஏரியின் ஒரு பக்கம் மனிதர் எழுப்பிய மண் கரை, அதாவது நீரைத் தாங்கி நிற்கும் அணை, இருக்கலாம். அதன் மேலும் அடிவாரத்திலும் மரமோ பெரிய புதரோ நடக்கூடாது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி மண்ணுக்குள் குழாய் போன்ற பொந்து விழும். அந்த வழியே நீர் கசிந்து கசிந்து அணையே உடையலாம். புதர் அடர்ந்தால் கசிவையும் எலி வளையையும் கண்டுபிடிக்க முடியாது. அணைக்குப் புல்வகைதான் பொருத்தம். அதையும் அந்த அணையைப் பராமரிக்கும் துறை சொல்லும் முறையில்தான் நடவேண்டும்.

இந்தக் கட்டுரை மற்ற மூன்று பக்கங்களுக்கானது: நிலம் தானாகச் சரிந்து நீரில் இறங்கும் இயற்கையான கரைக்கு.

2. நீர்மட்டக் கோட்டைக் குறியுங்கள்

உங்களுக்கு வேண்டியவை மூன்று மட்டங்கள்: ஏரி நிறையும்போது நிற்கும் மட்டம், செடி வளரும் பருவத்தில் வழக்கமாக இருக்கும் மட்டம், கோடையில் இறங்கும் கடைசி மட்டம். மரத்தடியிலும் பாறையிலும் படிந்த கறை, சருகும் குப்பையும் ஒதுங்கிய வரிசை, மண் கழுவிப்போய் வெளியே தெரியும் வேர் ஆகியவை நிறைமட்டத்தைக் காட்டும். நீர் வழிந்தோடும் கலங்கல் இருந்தால் இன்னும் எளிது. அதன் மேல்விளிம்புதான் நிறைமட்டம். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் அந்த உயரத்தை உங்கள் கரைக்குக் கொண்டுவந்து முளையடித்துவிடுங்கள்.

மற்ற இரண்டுக்கும் ஓர் அளவுகோலை நீரில் ஊன்றி வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். ஓராண்டு பார்த்தால் நல்லது. முடியாவிட்டால், அங்கே தினமும் வரும் மீனவரையோ மேய்ப்பவரையோ கேளுங்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாக இருக்கும்.

மட்டம் ஆண்டுக்கு அரை மீட்டருக்குள் ஏறி இறங்கும் ஏரி ஒரு வகை. மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் பல மீட்டர் வற்றும் ஏரி வேறு வகை. முதல் வகையில் ஒவ்வொரு ஆழத்துக்கும் ஒரு செடி என்று அழகாக அடுக்கலாம். இரண்டாம் வகையில் அந்த அடுக்கு நிற்காது. நிறைமட்டத்துக்குக் கீழே அரை மீட்டரும் மேலே ஒரு மீட்டரும் கொண்ட பட்டையில் மட்டும் கவனம் வைத்து, வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்குபவற்றை நடுங்கள்.

3. மண் ஏன் போகிறது?

கரை அரிப்பு என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். காரணங்கள் பல.

மேலிருந்து வரும் மழைநீர்: கரைச்சரிவில் மேலிருந்து கீழாக வாய்க்கால் விழுந்திருந்தால், குற்றவாளி ஏரி அல்ல. கூரைத் தண்ணீர், சாலைத் தண்ணீர், நேராக நீருக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை ஆகியவற்றைப் பாருங்கள். இதைத் திருப்பிவிடாமல் செடி நட்டால், முதல் பெருமழையே செடியோடு மண்ணைக் கொண்டுபோய்விடும்.

அலை: கரையின் அடிப்பகுதி குடைந்து, மேல்பகுதி கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அலைதான் காரணம். காற்று எவ்வளவு தூரம் திறந்த நீரின் மேல் ஓடி வருகிறதோ, அவ்வளவு பெரிய அலை. எதிர்க்கரை அரை கிலோமீட்டருக்குள் இருந்து, மோட்டார் படகும் இல்லையென்றால், செடி மட்டுமே போதும். பல கிலோமீட்டர் திறந்த நீரைப் பார்த்து நிற்கும் முனையில் செடி மட்டும் நிற்காது. அடியில் கல்லும் மேலே செடியும் என்று கலந்து செய்யவேண்டும்.

நடமாட்டம்: மாடு இறங்குமிடம், படகு இழுக்குமிடம், குளிக்குமிடம். இதற்கு மருந்து செடியல்ல, வேறு வழி. ஒன்றரை மீட்டர் அகலத்தில் வளைந்து இறங்கும் ஒரு பாதையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டு மற்ற இடத்தை வேலியிட்டு அடைத்துவிடுங்கள். வழியே விடாமல் அடைத்தால் வேலிதான் முதலில் போகும்.

கரை ஒன்றரை மீட்டருக்கு மேல் செங்குத்தாக நின்றாலோ, மேலே வெடிப்பு தெரிந்தாலோ, பொறியாளரைக் கூப்பிடுங்கள். சரிவு ஒன்றுக்கு மூன்று, அதாவது ஒரு மீட்டர் இறங்க மூன்று மீட்டர் கிடைநீளம், என்றிருந்தால் நேரடியாக நடலாம். ஒன்றுக்கு இரண்டு என்றால் மண்ணைப் பிடிக்க அதன் மேல் நார் விரிப்பு வேண்டும். அதைவிடச் செங்குத்தானால் முதலில் சீவிச் சாய்க்கவேண்டும்.

4. அனுமதியும் காகிதங்களும்

பலரும் சறுக்குமிடம் இது. கரையை ஒட்டிய நிலம் உங்களுடையதாக இருக்கலாம். நிறைமட்டக் கோட்டுக்குக் கீழே இருப்பது பல நாடுகளில் உங்களுடையது அல்ல. அங்கே முளையடிப்பது, மண் போடுவது, ஏன், களை பிடுங்குவதுகூட அனுமதி கேட்கும் வேலையாக இருக்கலாம். ‘நல்ல காரியம்தானே’ என்று நடத்திவிட்டு, பிறகு நட்டதை நீங்களே பிடுங்கவேண்டி வந்தால் செலவு இரட்டிப்பு.

கேட்கவேண்டியவர்கள்: நிலத்தின் உரிமையாளர், நீர்நிலையைப் பொறுப்பில் வைத்திருக்கும் துறை, உள்ளாட்சி அமைப்பு. பாதுகாக்கப்பட்ட சதுப்புநிலம் அல்லது பறவைகள் புகலிடம் என்றால் வனத்துறையும் உண்டு. மீன் முட்டையிடும் பருவத்தில் நீருக்குள் வேலை செய்யத் தடை இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எந்த அலுவலகமானாலும் கேட்கப்போவது ஏறக்குறைய இவைதாம்:

- எல்லை காட்டும் நில அளவை வரைபடம்
- மேலிருந்து பார்க்கும் படம் ஒன்று, குறுக்குவெட்டுப் படம் ஒன்று. இரண்டிலும் நிறைமட்டக் கோடு
- தேதி தெரியும் புகைப்படங்கள், ஒரே இடத்தில் நின்று எடுத்தவை
- செடிப் பட்டியல், தாவரவியல் பெயரோடு, எண்ணிக்கையோடு
- மண் எடுப்பீர்களா, போடுவீர்களா, எவ்வளவு கனமீட்டர்
- என்ன பொருள், எப்படிப் பதிப்பது, எத்தனை நாள் வேலை

‘கோரை 300’ என்று மட்டும் எழுதாதீர்கள். கோரை என்ற பெயரில் பத்துச் செடி இருக்கிறது. பட்டியல் திரும்பி வருவதற்கு இது ஒன்றே போதும்.

நடும் நாளுக்கு ஆறு மாதம் முன்பாவது விண்ணப்பியுங்கள். நாற்றுப்பண்ணைக்கும் மொத்தமாக வளர்த்துத் தர நான்கு முதல் ஆறு மாதம் தேவைப்படும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம். ஆனால் செடி வகையை மாற்றச் சொல்லி அனுமதி வரக்கூடும் என்பதைப் பண்ணையில் முன்பே சொல்லிவையுங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள்.

5. இருக்கும் களையை ஒழியுங்கள்

நடுவதற்கு ஒரு பருவம் முன்பே இது முடியவேண்டும். வெங்காயத்தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு இரண்டும் தென் அமெரிக்காவிலிருந்து வந்து வெப்ப நாடுகளின் ஏரிகளைப் பிடித்துக்கொண்டவை. காட்டாமணக்கின் தண்டுத் துண்டு ஈரமண்ணில் விழுந்தாலே வேர்விடும். வெட்டிக் கரையிலேயே குவித்தால் நீங்களே நட்ட மாதிரி. நீரிலிருந்து தள்ளிக் கொண்டுபோய்க் காயவைத்து அழியுங்கள்.

மேட்டில் புல்லும் சிறு களையும் என்றால் கனத்த தார்ப்பாய் அல்லது அட்டையால் வெயில் காலத்தில் எட்டுப் பத்து வாரம் மூடி வைத்தாலே சாகும். களைக்கொல்லி கடைசி வழி. நீரருகே பயன்படுத்த அனுமதிக்கப்பட்டதாக இருக்கவேண்டும், அதற்கும் தனி அனுமதி தேவைப்படும். மண்ணை உழுதுவிடாதீர்கள். உழுதால் அடியில் உறங்கும் களை விதை மேலே வரும், மண்ணும் எளிதாகக் கரையும்.

6. செடித் தேர்வு

‘நாட்டுச் செடி’ என்பது உங்கள் ஏரி இருக்கும் நாட்டின் செடி. ஊருக்கு ஊர் அது மாறும். மஞ்சள் பூ பூக்கும் ஐரிஸ் ஐரோப்பாவில் நீர்க்கரைக்கே உரியது. வட அமெரிக்காவில் அதே செடி கரையை அடைக்கும் அந்நியன். அங்கேயும் அது குளத்துச் செடி என்று விற்பனைக்கு வரும். நாணலின் கதை இன்னும் சிக்கல். வட அமெரிக்காவுக்கென்று சொந்த நாணல் உண்டு. ஐரோப்பாவிலிருந்து போன அதன் உடன்பிறப்பு அதை விரட்டிவிட்டுப் பரவுகிறது. பெயரைக் கேட்டு நிறுத்தாமல் விதையும் கிழங்கும் எங்கே எடுத்தவை என்று பண்ணையில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத பண்ணையைத் தவிர்ப்பது நல்லது.

மிக எளிய வழி: அதே ஏரியிலோ பக்கத்து ஏரியிலோ யாரும் கைவைக்காத ஒரு கரையைப் போய்ப் பாருங்கள். எந்தச் செடி நீரிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். உங்கள் பட்டியல் அதுதான். அங்கிருந்து செடியைப் பெயர்த்து எடுத்துவராதீர்கள். ஒரு கரையைக் காக்க இன்னொன்றைக் குலைப்பதில் லாபமில்லை, பல இடங்களில் அது குற்றமும்கூட.

அடுக்குகள் இவை. முழங்கால் ஆழம் வரை நீருக்குள் நின்று தலையை வெளியே நீட்டும் உயரமான கோரைகள். இவை அலையின் வேகத்தை உடைப்பவை. அடுத்து நீர்விளிம்பு: எப்போதும் ஈரமான இந்தப் பட்டையில் குட்டைக் கோரைகள், ஈரப்புற்கள், வல்லாரை மாதிரி தரையோடு படர்பவை. அதற்கு மேல் சரிவு: ஆழவேர்ப் புற்களும் புதர்களும். உச்சியில் மரங்கள். இந்தியத் துணைக்கண்டத்து ஏரி என்றால் விளிம்புக்கு வெட்டிவேரும், சரிவுக்கு நொச்சியும், உச்சிக்கு நீர்மருதும் புங்கையும் நாவலும் நினைவுக்கு வரும். குளிர்நாடு என்றால் விளிம்புக்குக் கேரெக்ஸ் வகைக் கோரைகள், சரிவுக்குக் குட்டை வில்லோ என்னும் புதர்.

சம்பை, அதாவது டைஃபா என்னும் உயரமான நீர்க்கோரையை, நடவேண்டாம் என்பது எங்கள் கருத்து. சத்து நிறைந்த நீர் கிடைத்தால் அது மற்ற எல்லாவற்றையும் நெருக்கிவிடும். வேண்டுமென்றால் தானே வரும்.

ஒரே வகையை மட்டும் நடாதீர்கள். ஒவ்வோர் அடுக்குக்கும் குறைந்தது நான்கைந்து வகை வேண்டும். எது தங்கும் என்பதை ஏரிதான் முடிவு செய்யும்.

7. எண்ணிக்கையும் செலவும்

30 செ.மீ. இடைவெளிக்குச் சதுர மீட்டருக்கு 11 செடி. 45 செ.மீ. என்றால் 5. இருபது மீட்டர் நீளக் கரைக்குக் கணக்கு இப்படி வரும்:

- நீருக்குள் 1 மீட்டர் பட்டை, 45 செ.மீ. இடைவெளி: 100
- விளிம்பில் 1.5 மீட்டர் பட்டை, 30 செ.மீ. இடைவெளி: 330
- சரிவில் 2.5 மீட்டர் பட்டை, 45 செ.மீ. இடைவெளி: 250
- மொத்தம் 680. சாவுக்கு 15 விழுக்காடு சேர்த்தால் சுமார் 780

இதோடு, அலையைத் தாங்க நீர்விளிம்பில் பதிக்கும் 3 மீட்டர் நீளத் தென்னைநார் உருளை 7, முளைகள் 70, நார் விரிப்பு (மேல்கவிவுக்கும் சேர்த்து) 95 சதுர மீட்டர், விரிப்பைப் பிடிக்கும் கொக்கிகள் 300.

பணம் அதிகம் போவது மண்வேலைக்கும் உருளைக்கும். அலை குறைந்த கரையில் உருளையையே விட்டுவிடலாம், அதுதான் பெரிய மிச்சம். பெரிய தொட்டிச் செடி வாங்கிச் செலவை ஏற்றாதீர்கள். நல்ல வேருள்ள குழித்தட்டு நாற்று விலையும் குறைவு, பிடிப்பதும் சீக்கிரம். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்கை, நட்ட பிறகான மூன்று ஆண்டுக்கென்று தொடாமல் ஒதுக்கிவையுங்கள். எல்லாவற்றையும் நடும் நாளிலேயே செலவழித்த திட்டங்கள்தாம் களை மண்டிப் போகின்றன.

8. எப்போது நடுவது

நீர்ச்செடி தண்டுக்குள் இருக்கும் காற்றறைகள் வழியாகத்தான் வேருக்கு மூச்சு அனுப்புகிறது. தலை முழுதும் மூழ்கினால் வேர் மூச்சடைத்துச் சாகும். ஆகவே நட்ட சில வாரங்களில் நீர் ஏறப்போகிற காலத்தில் நடக்கூடாது. மழையை நம்பும் ஏரியில், நிறைந்த நீர் இறங்கத் தொடங்கும்போது நடுங்கள். ஈரம் கீழிறங்க இறங்க வேரும் அதைத் துரத்திக்கொண்டு போகும். குளிர்நாட்டில் உறைபனி முடிந்ததிலிருந்து கோடை நடு வரை நடலாம். உறைபனிக்கு ஆறு வாரத்துக்குள் நட்டால் வேர் ஊன்றுமுன் பனி செடியை மேலே தள்ளிவிடும்.

9. உருளை, விரிப்பு, போத்து

உருளை 30 செ.மீ. தடிமன் போதும். அதன் மேல்பகுதி, வளரும் பருவத்து நீர்மட்டத்துக்கு ஐந்து செ.மீ. மேலே தெரியும்படி வையுங்கள். மிக உயரத்தில் வைத்தால் அலை அடியில் நுழைந்து மண்ணைக் குடையும். மிகத் தாழ வைத்தால் மேலே தாண்டிப்போகும். அடியில் சிறு பள்ளம் பறித்து உட்காரவைத்து, இருபுறமும் 60 செ.மீ.க்கு ஒரு முளையை, ஒரு மீட்டர் நீளமானதை, அடித்து மேலே கயிற்றால் குறுக்கே கட்டுங்கள். உருளைகள் சேருமிடத்தை இறுக்கித் தையுங்கள். இரண்டு முனைகளையும் நேராக விடாமல் கரைக்குள் வளைத்துப் புதையுங்கள். உருளை பிய்த்துக்கொண்டு போவது பெரும்பாலும் முனையில்தான் தொடங்கும். மூன்று முதல் ஐந்து ஆண்டில் நார் மக்கிவிடும். வேர் பிடித்துக்கொள்ள உங்களுக்கு இருக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

விரிப்பின் மேல்விளிம்பை 20 செ.மீ. ஆழப் பள்ளத்தில் புதைத்து மண் போட்டு மிதியுங்கள். ஓரங்கள் 30 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று கவியட்டும், மேட்டுப் பக்கத்து விரிப்பு மேலே இருக்கட்டும். பிளாஸ்டிக் வலை கலந்த விரிப்பை வாங்காதீர்கள். பாம்புகள் அதில் சிக்கிச் சாகும், வலையும் மக்காது.

போத்து, அதாவது வேரில்லாத கிளைத் துண்டு, வைப்பது மலிவான வழி. நொச்சியோ வில்லோவோ, விரல் தடிமனில் 60 முதல் 90 செ.மீ. நீளம். அடிப்பக்கம் சாய்வாகவும் மேல்பக்கம் நேராகவும் வெட்டினால் எது தலை என்று குழப்பம் வராது. வில்லோவை இலையுதிர்ந்து உறங்கும் காலத்தில் வெட்டவேண்டும். ஒரு நாளாவது நீரில் ஊறவைத்து, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி கடப்பாறையால் துளையிட்டு இறக்குங்கள். சுத்தியலால் போத்தின் தலையில் அடித்தால் பிளந்துவிடும். சுற்றிலும் மண்ணை மிதித்து இறுக்குங்கள். காற்று இடைவெளி இருந்தால் தளிர்க்கும், பிறகு பட்டுப்போகும்.

10. நடும் நாள்

பழகாத கை மணிக்கு 20 முதல் 30 செடி நடும். மேலே சொன்ன எண்ணிக்கைக்கு நான்கு பேருக்கு ஒரு முழு நாள். உருளையும் விரிப்பும் முந்தின நாளே முடிந்திருக்கவேண்டும். நாற்றைக் காலையில் நனைத்து நிழலில் வையுங்கள். ஒன்றிரண்டைத் தட்டிலிருந்து எடுத்து வேரைப் பாருங்கள்: வெள்ளையாக, மண்ணைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும். கறுத்து நாறினால் திருப்பி அனுப்புங்கள்.

விரிப்பில் பெருக்கல் குறி மாதிரி கீறி நடுங்கள், வட்டமாக வெட்டி எடுக்கவேண்டாம். செடியின் கழுத்து மண்மட்டத்தில் நிற்கட்டும். நீருக்குள் நடுபவற்றுக்கு ஆழம், செடி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஒவ்வொன்றையும் கம்பிக் கொக்கியால் குத்திப் பிடியுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் எதிர்க்கரையில் பொறுக்கவேண்டி வரும். உரம் போடவே போடாதீர்கள், இயற்கை உரமும் வேண்டாம். அது பாசிக்கும் களைக்கும்தான் உதவும்.

11. வாத்து, ஆடு, கெண்டை

பிஞ்சு நாற்று என்றால் இவற்றுக்கு விருந்து. நீரிலிருந்து ஏறிவரும் வாத்தும் சிறிய நீர்ப்பறவையும், 15, 30 செ.மீ. உயரங்களில் இரண்டு கயிறு கட்டினாலே தயங்கும். ஆடு மாட்டுக்கு முழு வேலி வேண்டும். சேற்றைக் கிளறும் கெண்டை வகை மீன்கள் நீருக்குள் நட்டதைப் பிடுங்கிவிடும். அங்கே முளைகளில் வலை கட்டி அடைப்பு போடுங்கள். வலையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்கவேண்டும்.

12. மூன்று ஆண்டு வேலை

முதல் இரண்டு மாதம் மழை இல்லாவிட்டால் சரிவுச் செடிக்கு வாரம் இரண்டு முறை ஆழமாகத் தண்ணீர். நீர் பக்கத்தில்தான் இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். இரண்டு மீட்டர் மேலே இருக்கும் நாற்றுக்கு அது எட்டாது. முதல் ஆண்டு செடி வளர்ந்தாற்போலவே தெரியாது, வேரில்தான் வேலை நடக்கும். இந்த நேரத்தில்தான் பலர் பொறுமையிழந்து மேலும் நடுகிறார்கள்.

களையை மாதம் ஒருமுறை, விதை கட்டுமுன் எடுங்கள். தெரியாத முளையைப் பிடுங்காதீர்கள். நீங்கள் நட்டது எது என்று தெரிய, நாற்று நிலையிலேயே ஒவ்வொரு வகையையும் படமெடுத்து வையுங்கள். நீரில் நிற்கும் கோரையை அறுக்க நேர்ந்தால் நீர்மட்டத்துக்கு மேலேயே அறுங்கள். கீழே அறுத்தால் மூச்சுக்குழாய் மூழ்கி, தூரே அழுகும்.

முதல் பருவ முடிவில் எண்ணுங்கள். நூற்றுக்கு எண்பது பிழைத்திருந்தால் நல்ல வேலை. அறுபதுக்குக் கீழே என்றால், காரணம் தெரியாமல் மறுபடி நடவேண்டாம். ஒரே உயரத்தில் வரிசையாகச் செத்திருந்தால் நீர்மட்டக் கணக்கு பிசகியிருக்கிறது. ஆங்காங்கே செத்திருந்தால் நடவிலோ நாற்றிலோ குறை. மேல்பாதி கடிபட்டிருந்தால் வேலியைப் பாருங்கள்.

இரண்டு வளர்பருவம் முடிந்ததும் நீருக்குள் இருக்கும் வலையையும் வாத்துக்காகக் கட்டிய கயிறுகளையும் எடுத்துவிடுங்கள். தாமதித்தால் கோரை அதனூடே வளர்ந்து பின்னிக்கொள்ளும், வலையை எடுக்கப்போய்ச் செடியையே பிடுங்கவேண்டியிருக்கும். உருளையைப் பிடிக்க அடித்த மரத்தாலான முளைகளை எடுக்கவேண்டாம், உருளையோடு தாமே மக்கும். மூன்றாம் ஆண்டில், பழைய புகைப்படங்கள் எடுத்த அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்து, அனுமதி தந்த அலுவலகத்தில் முடிவறிக்கையோடு கொடுத்துக் கோப்பை மூடச் சொல்லுங்கள். பக்கத்துக் கரைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கோப்பு எண்ணைக் குறிப்பிடலாம்.